வயலும் பள்ளிவாசலும்: பூகிஸ் சிற்றூர் வாழ்வில் நானூறு ஆண்டுகள்

தென்கிழக்காசியத் தீவுகளில் இஸ்லாம் பரவிய வரலாற்றை எழுதுவோர் அச்சே, மலாக்கா, ஜாவா ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். சுலாவெசித் தீவின் தென்மேற்குத் தீபகற்பத்தில் வாழும் பூகிஸ் மக்கள் பேச்சில் வரும்போதும், கடலோடிகளாகவும் கூலிப்படை வீரராகவுமே அறிமுகம் பெறுகின்றனர். 2010ஆம் ஆண்டு இந்தோனேசியக் குடிமதிப்பின்படி 60 இலட்சத்துக்கு மேற்பட்ட இம்மக்களின் ஆணிவேர் கடலில் இல்லை, நெல்வயலில் இருக்கிறது. கடலோடிய பூகிஸ் வணிகனும் ஊர் திரும்பி வாங்க விரும்பியது வயலையே. எனவே துறைமுகத்தை விட்டு உள்நாட்டுக்குள் நடந்து, வேளாண் சிற்றூர் ஒன்றின் வாழ்வையும் அதனுள் ஷரீஅத் குடிபுகுந்த முறையையும் நாம் இங்கு நோக்குவோம்.

முதலில் நிலம். தீபகற்பத்தின் நடுவே தெம்பே, சிதென்ரெங், புவாயா என்னும் மூன்று ஏரிகள் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த சமவெளியே தென்சுலாவெசியின் நெற்களஞ்சியம். மழைக்காலத்தில் ஏரி விரிந்து வயல்களை விழுங்கும். கோடையில் சுருங்கி வண்டல் படிந்த கரையை விட்டுச் செல்லும். அந்த ஈர மண்ணில் உழவர் சோளமும் பயறும் இடுவர். மேற்குக் கரைக்கு மழை மார்கழி, தை மாதங்களை ஒட்டி வருகிறது. மலைக்கு அப்பால் கிழக்குக் கரைக்கோ சித்திரைக்குப் பின்னரே பெருமழை. ஒரே மொழி பேசும் இரு ஊர்களில் ஓர் ஊர் அறுக்கும்போது மற்றோர் ஊர் நடுகிறது. அறுவடைக் கூலியாட்கள் மலையைக் கடந்து மாறிமாறிப் போய்வர இது வழிசெய்தது.

வீடு மரத்தூண்களின் மேல் நிற்பது. அதற்குப் 'போலா' என்று பெயர். மூன்று அடுக்குகள். கூரைக்கு அடியிலுள்ள பரணில் நெற்கதிர்க் கட்டுகள் இருக்கும். நடு அடுக்கில் மக்கள் வாழ்வர். தரைக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட வெளியில் எருமை, கலப்பை, பெண்களின் தறி ஆகியவை இருக்கும். வாஜோ நாட்டுப் பட்டுக் கைலிகள் இத்தகைய வீடுகளின் அடியில் நெய்யப்பட்டுப் புகழ்பெற்றவையே. தூண்களுள் ஒன்று வீட்டின் 'கொப்பூழ்' எனக் கருதப்படும். முகப்புக் கூரையின் மடிப்புகளை எண்ணியே வீட்டாரின் குலத் தகுதியை வழிப்போக்கர் அறிந்துகொள்ளலாம். ஆணி அடித்து மண்ணோடு பிணைக்காத வீடாதலின் அதனைப் பெயர்த்துக்கொண்டும் போகலாம். மூங்கில்களைக் குறுக்கே கட்டி, ஊர் ஆண்கள் அனைவரும் தோள்கொடுத்து, முழுவீட்டையும் தூக்கிச் சென்று புதிய மனையில் நிறுத்துவர். அதற்குக் கூலி கிடையாது, விருந்து உண்டு. வீடு நின்றபின் பர்ஸன்ஜி மவ்லிது ஓதப்படும். நம் நாட்டில் சுப்ஹான மவ்லிதுக்கு உள்ள இடம் அங்கே இமாம் ஜஅஃபர் அல்பர்ஸன்ஜி (ரஹ்) அவர்களின் மவ்லிதுக்கு உண்டு. குழந்தைக்குப் பெயர் சூட்டும்போதும், மணவீட்டிலும், ஹஜ்ஜுக்குப் புறப்படும் நாளிலும் அதுவே ஓதப்படுகிறது. ரபீஉல் அவ்வலில் சாயமிட்ட முட்டைகளைக் குச்சியில் கோத்து வாழைத்தண்டில் நட்டுப் பள்ளிவாசலுக்குக் கொண்டுசெல்லும் காட்சியைக் காணும் நம் ஊர்ப் பிள்ளைகள் பொறாமைப்படுவார்கள்.

இம்மக்களின் எழுத்துக்கு 'லொந்தாரா' என்று பெயர். பனையைக் குறிக்கும் 'லொந்தார்' என்னும் சொல்லிலிருந்து அது வந்தது. பிராமியின் வழித்தோன்றலாகிய அவ்வெழுத்து நம் எழுத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் நம்மவர் ஓலைகளை அடுக்கிக் கயிறு கோத்துச் சுவடியாக்க, அவர்களோ ஓலைக் கீற்றுகளை ஒன்றோடொன்று தைத்து நீண்ட நாடாவாக்கி, இரு உருளைகளில் சுற்றி நகர்த்திப் படித்தனர். பின்னர் தாளிலும் எழுதினர். இவ்வெழுத்தில் சொல்லின் இறுதி மெய்யைக் குறிப்பதில்லை. படிப்பவர் பொருளறிந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அரபுச் சொற்களை எழுத இது போதாமையால், பூகிஸ் மொழியை அரபு எழுத்தில் வரையும் 'ஸெராங்' என்னும் முறையும் தோன்றியது. அரபுத் தமிழை அறிந்த நமக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

இஸ்லாம் அரசவை வழியே வந்தது. 1605இல் லூவு நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். அதே ஆண்டு செப்டம்பரில் (ஹிஜ்ரி 1014) தல்லோவின் தலைவரும் கோவாவின் பேரமைச்சருமாகிய கராயெங் மத்தோவாயா கலிமாச் சொல்லி சுல்தான் அப்துல்லாஹ் ஆனார். இந்தக் கோவா மக்காசர் நாட்டுக் கோவாவே அன்றி, நம் மேற்குக் கரையிலுள்ள ஊர் அன்று. மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்த மூன்று ஆலிம்கள் இப்பணிக்கு முன்னோடிகள். தாத்தோ ரி பந்தாங் ஷரீஅத்தையும், தாத்தோ பத்திமாங் தவ்ஹீதையும், தாத்தோ ரி திரோ தஸவ்வுஃபையும் முதன்மைப்படுத்திப் போதித்தனர் என்பது அந்நாட்டு மரபு. 1607இல் தல்லோவில் முதல் ஜும்ஆ நடைபெற்றது. பூகிஸ் நாடுகளோ உடனே இணங்கவில்லை. பன்றி இறைச்சியும் கள்ளும் விருந்தின் அடையாளமாக இருந்த குடிகளுக்கு இம்மாற்றம் எளிதாக இல்லை. மக்காசரின் அதிகாரத்தை ஏற்பதாகவும் அது தோன்றியது. கோவா படையெடுத்தது. 1609இல் சிதென்ரெங்கும் சொப்பெங்கும், 1610இல் வாஜோவும், 1611இல் போனேயும் பணிந்து இஸ்லாத்தை ஏற்றன. வாளின் நிழலில் நிகழ்ந்த இத்தொடக்கத்தை மறைத்து எழுதுவது வரலாற்றுக்கு அழகன்று. எனினும் வாள் அரண்மனை வரையில்தான் சென்றது. வயற்கரைவரை சென்றவர்கள் ஓதிக்கொடுத்த ஆசான்களே.

ஊருக்குள் மார்க்கம் நுழைந்த முறை கவனத்துக்குரியது. பூகிஸ் வழக்குச் சட்டம் அதே (வழமை), பிச்சாரா (தீர்ப்பு), ராபாங் (முன்னுதாரணம்), வாரி (தகுதி வரிசை) என்னும் நான்கு தூண்களில் நின்றது. இஸ்லாம் வந்தபின் 'ஸாரா' என்னும் ஐந்தாம் தூண் சேர்க்கப்பட்டது. ஷரஉ என்னும் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறாயிற்று. பழைய நான்கையும் இடித்துவிட்டுக் கட்டவில்லை. அவற்றின் பக்கத்தில் ஒன்றை நட்டனர். நாட்டுக்கு ஒரு காலி (காழி), ஊருக்கு இமாம், கத்தே (கத்தீப்), பிலால், பள்ளியைப் பெருக்கிக் காக்கும் தோஜா என்று பதவிகள் அமைந்தன. பிலால் என்ற பெயரை நம் ஊர்கள் பலவற்றிலும் மோதினாருக்கு வழங்கக் கேட்கிறோம். ஸகாத்தும் ஃபித்ராவும் இவர்கள் கையில் சேர்ந்தன. நிகாஹ், ஜனாஸா, பாகப்பிரிவினை இவர்கள் முன்னிலையில் நடந்தன. வயலைப் பற்றிய வழக்கு வழமைத் தலைவரிடம் செல்லும். வயலுக்குரியவர் இறந்தபின் எழும் வழக்கு இமாமிடம் வரும்.

அந்த வழக்குகளில் ஃபராயிழ் எவ்வாறு புகுந்தது? தந்தை வழியையும் தாய் வழியையும் ஒப்பாக எண்ணும் சமூகம் அது. அங்கே ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்னும் விதியை விளக்க ஓர் உவமை வழங்கியது. ஆண் காவடித் தண்டில் இருபுறமும் சுமப்பவன்; பெண் தலையில் ஒரு சுமை சுமப்பவள்; ஆகவே அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று என்பர். அறுவடைக் காலத்தில் வயல் வரப்பில் நாள்தோறும் கண்ட காட்சியையே சட்டத்தின் விளக்கமாக்கிய இக்கூர்மை வியப்புக்குரியது. அதே வேளையில், பெற்றோர் தம் வாழ்நாளிலேயே வயலையும் வீட்டையும் மக்களுக்கு ஹிபாவாகப் பகிர்ந்துவிடுவதும், தம்மோடு இருந்து பேணிய மகளுக்கு வீட்டை விடுவதும் வழக்கில் உண்டு. இதனைச் சட்டத்தை ஏய்க்கும் தந்திரம் என்று சிலர் கூறுவர். ஒரு பிள்ளையைக் கெடுக்கும் நோக்கமின்றி நீதியோடு வழங்கப்படும் ஹிபா ஷரஉக்குள் அடங்கியதே என்பது நம் கருத்து.

இவ்வளவு இணக்கமும் ஓரிடத்தில் முறிந்தது. வயலில் உழைத்தவர் எல்லாரும் சுதந்திரர் அல்லர். போரில் பிடிபட்டோரும் கடனில் மூழ்கியோரும் அவர்தம் பிள்ளைகளும் பெருமக்களின் நிலத்தில் அடிமைகளாக இருந்தனர். 1631இல் போனேயில் பட்டமேறிய லா மத்தாரெம்மெங், மார்க்கத்தை ஏட்டளவில் விட்டுவிட இணங்காதவர். பிறப்பால் அடிமையானோர் நீங்கலாக மற்றவர்களை விடுவிக்க வேண்டும், வேலை வாங்கினால் கூலி தரவேண்டும் என்று ஆணையிட்டார். பெருமக்கள் கொதித்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிக் கோவாவுக்கு ஓடி முறையிட்டவர் அரசரின் சொந்தத் தாயே! இது நபிகளாரின் (ஸல்) கட்டளையா, பழைய வழமையா, உம் சொந்த விருப்பமா என்று கோவா சுல்தான் வினவியதாகவும், நிறைவான மறுமொழி வரவில்லை என்று படையெடுத்ததாகவும் வரலாற்றுச் சுவடிகள் கூறுகின்றன. 1644க்குள் லா மத்தாரெம்மெங் தோற்றுச் சிறைப்பட்டார். அடிமையை உரிமைவிடுவதைப் பேரறமாகக் கூறும் மார்க்கத்தைப் பரப்புவதற்கென்று முப்பது ஆண்டுகளுக்கு முன் படை நடத்திய அதே அரசு, அவ்வறத்தைச் செயல்படுத்த முனைந்தவரை அடக்கவும் படை நடத்தியது. டச்சு நேரடி ஆட்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெறும்வரை அடிமை முறை அங்கே ஒழியவில்லை. இதற்குப் பழி வழமையின் மீது மட்டும் அன்று; வழமையோடு ஒத்துப்போன ஆலிம்களுக்கும் அதில் பங்குண்டு.

அதே மண்டலத்தில் பிறந்து மக்காவிலும் மதீனாவிலும் ஓதிய ஷெய்கு யூஸுஃப் அல்மக்காஸரீ (ரஹ்) டச்சுக்காரரால் 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டதும், அங்கிருந்தே தம் மக்களுக்கு நூல்கள் எழுதி அனுப்பியதும், 1694இல் நன்னம்பிக்கை முனைக்கு மாற்றப்பட்டு 1699இல் மறைந்ததும் நம்மவர் பலர் அறிந்தவையே. அவர் வழியே பரவிய கல்வத்திய்யா தரீக்கா பூகிஸ் ஊர்களில் இன்றும் உண்டு.

இனி மிகவும் சர்ச்சைக்குரிய செய்திக்கு வருவோம். பழைய பூகிஸ் நம்பிக்கையில் நெல் ஒரு பெண். லா கலிகோ காப்பியத்தின்படி, உலகில் முதலில் இறங்கிய மன்னனின் மகள் பச்சிளம் பருவத்தில் இறக்க, அவள் அடக்கப்பட்ட இடத்தில் நெல் முளைத்தது. சங்கியாங் செர்ரி என்பது அவள் பெயர். அவளைக் காக்கும் மூவண்ணப் பூனையின் கதையொன்றும் உண்டு. பூனையை அடித்த ஊர்களையெல்லாம் விட்டு நெல்லரசி அலைந்து, இறுதியில் பாருவில் அன்பும் அடக்கமும் உள்ள மக்களைக் கண்டு தங்கினாள் என்பது கதை. விதைப்புக்கு முந்திய இரவில் இதனைப் படிப்பர். மேற்குக் கரையில் செகெரி என்னும் ஊரில் பிஸ்ஸு எனப்படும் பழஞ்சடங்காளர்கள், துணி சுற்றிக் காக்கப்பட்ட தொன்மையான கலப்பை ஒன்றை எடுத்து உழவுப் பருவத்தைத் தொடங்கி வைப்பர்.

அல்லாஹ் அல்லாத ஒன்றிடம் விளைச்சலை வேண்டுவது இணைவைப்பு என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் உணவை வீணாக்காதே, வாயில்லா உயிரை வதைக்காதே, வீண்சண்டை இடாதே என்று அக்கதை உழவனுக்குச் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஊர் ஆசான்கள் கைக்கொண்ட வழி மெல்லியது. கதையை எரிக்கவில்லை, தொடக்கத்தில் பிஸ்மியும் முடிவில் துஆவும் வைத்தனர். விதைநெல்லின் முன் பர்ஸன்ஜி ஓதினர். தலைமுறைகள் செல்லச்செல்ல நெல்லரசி வழிபடப்படுவதிலிருந்து நினைக்கப்படுவதற்கு இறங்கினாள்.

மற்றொரு வழியும் முயலப்பட்டது. 1950 முதல் 1965 வரை கஹார் முஸக்கர் தலைமையில் தாருல் இஸ்லாம் கிளர்ச்சி தென்சுலாவெசியின் சிற்றூர்களை ஆண்டது. குலப் பட்டங்களை ஒழித்தது. ஆடம்பர மணவிழாவைத் தடுத்தது. பிஸ்ஸுகளைத் துன்புறுத்தி அவர்தம் பொருட்களை அழித்தது. சமத்துவத்தை நாடிய அதன் சில ஆணைகள் லா மத்தாரெம்மெங்கை நினைவூட்டுகின்றன. ஆயினும் கிளர்ச்சியாளருக்கும் அரசுப் படைக்கும் இடையில் சிக்கி ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின, குடும்பங்கள் மக்காசருக்கும் கடல் கடந்து சுமத்ராவுக்கும் ஓடின. கியாய் அம்போ தல்லே போன்ற பேராசிரியரையே காட்டுக்குக் கொண்டுபோய் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தனர். 1965 பிப்ரவரியில் கஹார் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அது முடிந்தது. பலவந்தத்தால் ஒழிந்ததாகக் கருதப்பட்ட சடங்குகள் பல பின்னர் மீண்டும் தலைதூக்கின.

சங்கியாங் செர்ரியை உண்மையில் வயலிலிருந்து வெளியேற்றியது குறுவிதை என்றே சொல்ல வேண்டும். பழைய நெல்லைப் பெண்கள் உள்ளங்கையில் மறையும் சிறுகத்தியால் கதிர் கதிராகக் கொய்வர். நெல்லரசி அஞ்சக் கூடாதாம். கட்டுகள் பரணேறும். அறுவடை முடிந்ததும் நீண்ட மர உரலில் தாளம் தப்பாமல் குத்தி மகிழ்வர். 1960களின் இறுதியிலிருந்து குட்டையான உயர்விளைச்சல் ரகங்கள் வந்தன. இவை எளிதில் உதிர்பவையாதலின் அரிவாளால் அறுத்துக் களத்திலேயே அடிக்க வேண்டும். நெல் மூட்டையாகி ஆலைக்குப் போயிற்று, பரண் வெறுமையாயிற்று, உரல் விழாக்காலப் பொருளாயிற்று. கதிர் கொய்து பங்கு பெற்ற ஏழைப் பெண்களின் வருவாய் குறைந்ததை விளைச்சல் கணக்குகள் காட்டுவதில்லை.

ஆனால் ஒரு பழமை புதுமைக்குப் பயன்பட்டது. விதைப்புக்கு முன் ஊரார் கூடி அமர்ந்து பேசுவது 'துடாங் சிபுலுங்'. மழை, விண்மீன், மரங்களின் பூப்பு ஆகியவற்றைக் குறித்த பழைய லொந்தாராக் கையேடுகளைப் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருபுறமும், வேளாண் அதிகாரிகளும் நீர்ப்பாசனத்தாரும் மறுபுறமும் அமர்வர். விவாதித்து ஒரே விதைப்பு நாளைக் குறிப்பர். எல்லாரும் ஒருங்கே விதைத்தால் பூச்சியும் எலியும் ஓரிடத்தில் குவியா. மஷூரா செய்வது சுன்னத் என்று நாம் மேடையில் ஓதுவதை இவ்வுழவர் வரப்பில் நிறைவேற்றுகின்றனர்.

பிள்ளைகளின் ஓதலைப் பற்றிச் சொல்லாமல் இவ்வூரை விட்டு நீங்க முடியாது. 'ஸபர், ஸேர், பேஷ்' என்று நாம் எழுத்துக்கூட்டியதுபோல், மேலிட்டால் அ, கீழிட்டால் இ, முன்னிட்டால் உ என்று தாய்மொழியிலேயே எழுத்துக்கூட்டிக் குர்ஆனைக் கற்பித்தனர். குர்ஆன் முடித்த விருந்தைப் பலர் திருமணத்துக்கு முந்திய இரவில் வைத்துக்கொள்வர். மக்காவில் 1907இல் பிறந்த ஷெய்கு முஹம்மது அஸ்அத் அல்பூகீஸீ (ரஹ்), 1928இல் மூதாதையர் மண்ணுக்கு வந்து 1930இல் வாஜோவின் செங்காங்கில் மத்ரஸா தொடங்கினார். 1952இல் அவர் மறைந்தபின் அது அஸ்அதிய்யா எனப் பெயர் பெற்றது. அவருடைய மாணவர் தாவூத் இஸ்மாயீல் குர்ஆன் முழுமைக்கும் பூகிஸ் மொழியில், லொந்தாரா எழுத்தில் தஃப்ஸீர் எழுதினார். இன்றைய இளைஞர் இந்தோனேசிய மொழியிலேயே படிக்கின்றனர். லொந்தாராவை எழுத்துக்கூட்டத் தடுமாறுகின்றனர். ஆயினும் செங்காங் பள்ளிவாசலில் மஃக்ரிபுக்குப் பின் ஆசானைச் சூழ்ந்து அமர்ந்து அரபுக் கிதாபைப் பூகிஸ் மொழியில் பொருள் கேட்கும் 'மங்காஜி துடாங்' நிற்கவில்லை. உட்கார்ந்து ஓதுதல் என்பது அதன் பொருள். விதைப்பு நாளைக் குறிக்கக் கூடும் அவைக்கும் இந்த ஓதல் அவைக்கும் அவர்கள் மொழியில் 'துடாங்' என்னும் ஒரே சொல்தான்.