அர்ஜுனா விருது

சர்வதேசப் போட்டிகளில் சிறந்து விளங்கும் விளையாட்டு வீரர், வீராங்கனைகளுக்கு இந்திய அரசு ஆண்டுதோறும் வழங்கும் விருது. 1961-இல் தொடங்கியது. தனிப்பட்ட வீரர்களுக்கான தேசிய விருதுகளில் இதுவே மூத்தது. வில்லில் நாணேற்றிக் குறிபார்க்கும் அர்ஜுனனின் வெண்கலச் சிலை, பாராட்டுப் பத்திரம், 15 லட்சம் ரூபாய் ஆகியவை இதில் அடங்கும். 2020 வரை பரிசுத் தொகை 5 லட்சமாக இருந்தது.

முதல் ஆண்டுப் பட்டியலைப் பார்த்தால் அன்றைய இந்திய விளையாட்டின் பரப்பு தெரியும். பூப்பந்துக்கு நந்து நடேகர், கால்பந்துக்கு பி.கே. பானர்ஜி, கிரிக்கெட்டுக்கு சலீம் துரானி, பெண்கள் ஹாக்கிக்கு ஆன் லம்ஸ்டன். விம்பிள்டனில் அடுத்தடுத்து இருமுறை அரையிறுதி கண்ட ராமநாதன் கிருஷ்ணனும் சதுரங்கத்தின் மானுவேல் ஆரோனும் சென்னையின் பங்கு. ஆனால் 1960 ரோம் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் ஓட்டத்தில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த மில்கா சிங்குக்கு அதில் இடமில்லை. தடகளத்துக்கான விருது குர்பச்சன் சிங் ரந்தாவாவுக்குப் போனது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2001-இல் மில்காவுக்கு விருது அறிவிக்கப்பட்டது. அவர் வாங்க மறுத்துவிட்டார். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியர் விருது 1985-இல் வந்தது. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் அதை முதலில் பெற்றவர்களுள் ஒருவர். (குருவும் சீடனும் டெல்லியில் கௌரவம் பெற, கட்டைவிரலை இழந்த ஏகலைவனின் பெயரில் கர்நாடக அரசு தன் மாநில விருதை வழங்குகிறது.) 1991-92-இல் ராஜீவ் காந்தி கேல் ரத்னா தொடங்கப்பட்டபோது அர்ஜுனா இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. புதிய விருதை முதலில் பெற்றவர் விஸ்வநாதன் ஆனந்த். 2021-இல் அது மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா எனப் பெயர் மாற்றம் கண்டது.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் எப்போதும் சிக்கல். சம்மேளனங்களின் பரிந்துரையும் தேர்வுக் குழுவின் விருப்பமுமே முடிவு செய்கின்றன என்ற புகார் நெடுங்காலம் நீடித்தது. இதற்கு மாற்றாக ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் பதக்கங்களுக்கு மதிப்பெண் போடும் முறை வந்தது. குழுவின் கையிலும் கொஞ்சம் மதிப்பெண் மிச்சம் வைக்கப்பட்டது. வழக்குகள் அதோடு ஓயவில்லை. 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமாரை, ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியவர் என்று தவறாகக் கருதி 2014-இல் ஒதுக்கிவிட்டார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபிறகே விருது கைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது நேர்மாறானது: மும்முறைத் தாண்டல் வீரர் ரஞ்சித் மகேஸ்வரிக்கு அறிவித்த விருதை, பழைய ஊக்கமருந்துப் புகார் கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள்.

விருது எதிர்ப்பின் கருவியாகவும் ஆனது. 2023 டிசம்பரில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், சம்மேளன நிர்வாகத்துக்கு எதிரான போராட்டத்தின் உச்சமாகத் தம் கேல் ரத்னாவையும் அர்ஜுனாவையும் டெல்லி கடமைப் பாதையில் வைத்துவிட்டுச் சென்றார்.

ஓய்வுபெற்ற வீரர்களுக்கென 2002 முதல் இருந்த தியான் சந்த் விருதுக்குப் பதிலாக, 2024-ஆம் ஆண்டு விருதுகளில் வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா சேர்க்கப்பட்டது. 1965 போரில் குண்டடிபட்டு, 1972 பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கர் அதைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது எண்பது. அதே ஆண்டு அர்ஜுனா பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாற்றுத்திறனாளி வீரர்கள். தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன், நித்யஸ்ரீ சிவன், மனிஷா ராமதாஸ் மூவரும் பாரா பூப்பந்துக்காக அப்பட்டியலில் இடம்பெற்றனர்.