புகைக்காகப் பிறந்த சாக்கெட்

கிள்ளானில் மாமாவின் ஒர்க்‌ஷாப். ஸ்கேனரைச் செருகினால் எஞ்சின் கோளாறு எண்கள் உடனே வந்துவிடும். ஏர்பேக் என்றால் சில கார்கள் வாயே திறக்காது. "ஏன்டா இன்ஜினியர், இது மட்டும் ஏன் காட்ட மாட்டேங்குது?"

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 முனை சாக்கெட் மெக்கானிக்குக்காகப் பிறந்ததல்ல, புகைக்காகப் பிறந்தது. கலிபோர்னியாவின் காற்று மாசு விதிகளில் தொடங்கி, 1996-இல் அமெரிக்காவின் புதிய கார்களுக்கெல்லாம் கட்டாயமானது. புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளை யாரும் படிக்கலாம். மற்றதெல்லாம் கம்பெனியின் ரகசிய பாஷை.

மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012-இல் அதை உடைத்தார்கள். டீலருக்குக் கிடைக்கும் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் வேண்டும் என்று சுமார் 86 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஆனால் கார் வயர்லெஸ்ஸில் கம்பெனிக்கு அனுப்பும் தரவுக்குச் சட்டத்தில் பெரும்பாலும் விலக்கு. 2020-இல் அதற்கும் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 75 சதவீத ஆதரவு. உடனே தயாரிப்பாளர் சங்கம் வழக்குப் போட்டது. ஹேக்கர்கள் நுழைந்துவிடுவார்களாம். பயம் பொய்யில்லை. 2015-இல் இரண்டு ஆய்வாளர்கள், ஓடும் ஜீப்பைத் தொலைவிலிருந்தே முடக்கிக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் நுழைந்தது கம்பெனியே வைத்த செல்பேசி இணைப்பு வழியாக! 2025 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா, "சரி, இந்த ஏர்பேக் லைட்டு?" என்றார்.

டீலரிடம் அனுப்பச் சொன்னேன்.