நவகண்டம்

நவகண்டம் என்பது, வீரன் ஒருவன் தன் உடலின் ஒன்பது இடங்களில் தசையை அரிந்து, கடைசியில் தலையையும் தானே அறுத்துக் கொற்றவைக்குப் படைக்கும் பலிமுறை. தலையை மட்டும் அரிந்து கொடுப்பதை அரிகண்டம் என்பர். நடைமுறையில் இரு பெயர்களும் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குகின்றன. அரசனுக்குப் போரில் வெற்றி கிட்ட வேண்டும், அவனுக்கு வந்த துன்பம் நீங்க வேண்டும் என்ற வேண்டுதலுக்காகவோ, வேண்டியது கைகூடியபின் நேர்த்திக்கடனாகவோ இது செய்யப்பட்டது. பலியை ஏற்றது தெய்வம். அதன் பயன் அரசனுக்கும் ஊருக்கும் உரியதாகக் கருதப்பட்டது. இறந்தவனுக்குக் கல்லும் அவன் பெயரால் நிலமும் கிடைத்தன.

இலக்கியச் சான்றுகள்

தெய்வத்துக்கோ வேந்தனுக்கோ உயிரைக் கொடுக்கும் வழக்கம் தமிழ் நூல்களில் பழமையானது. தொல்காப்பியம் அவிப்பலியை வாகைத் திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில், மன்னனுக்கு வந்த இடையூறு ஒழிக, வெற்றி பெருகுக என்று வேண்டி, புகார் நகரத்து மறவர்கள் காவற்பூதத்தின் பலிபீடிகையில் தங்கள் தலையைப் படைக்கின்றனர். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, புகாரின் சுடுகாட்டை ஒட்டிய காடமர் செல்வி கோயிலில், நேர்ந்தபடி உயிர் கொடுத்தவர்களின் தலைகள் மரங்களில் தொங்குவதைக் காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடும் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் காளி கோயில் வருணனையிலும் இக்காட்சிகள் வருகின்றன. வீரர்கள் தலையைக் கொய்து தேவியிடம் நீட்டுகின்றனர். தலையிழந்த உடல்கள் அவளைக் கும்பிட்டு நிற்கின்றன. பரணியின் மிகைச்சுவையைத் தள்ளிவிட்டாலும், கேட்போருக்குப் பழகிய ஒரு வழக்கத்தின் மீதே புலவர் இவ்வருணனையைக் கட்டியிருக்கிறார் என்பது தெளிவு.

சிற்பங்கள்

மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் கருவறையில் கொற்றவையின் காலடியில் மண்டியிட்டிருக்கும் இருவரில் ஒருவர், ஒரு கையால் தம் முடியைப் பற்றி மறு கையால் வாளைக் கழுத்தில் வைத்திருக்கிறார். வராக மண்டபத்துக் கொற்றவைச் சிற்பத்திலும், முற்காலச் சோழர் கோயிலான புள்ளமங்கையிலும் இக்காட்சி உண்டு. பல்லவர் சிற்பங்களில் வரும் இத்தலைப்பலியைப் பற்றி டச்சு அறிஞர் ஜே. பி. ஹெச். ஃபோகல் 1931இல் தனிக் கட்டுரை எழுதினார்.

கோயிலுக்கு வெளியே, ஊர்ப்புறங்களிலும் ஏரிக்கரைகளிலும் தனிக் கற்களாகவும் இவை கிடைக்கின்றன. வீரன் நின்ற கோலத்தில், இடக்கையால் குடுமியை இழுத்துப் பிடித்து வலக்கை வாளால் கழுத்தை அரிவது பரவலான வடிவம். கர்நாடகத்தில் சிடிதலைக் கற்கள் எனப்படுபவற்றில், வளைத்துக் கட்டிய மூங்கில் கழியோடு முடி பிணைக்கப்பட்டிருக்கும்; தலை அறுபட்டதும் கழி நிமிர்ந்து அதைத் தூக்கியெறியும்.

கல்வெட்டும் கொடையும்

நவகண்டத்துக்குக் கிடைத்த முதன்மையான கல்வெட்டுச் சான்று, பழைய நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த மல்லம் என்ற ஊரில் உள்ளது. பல்லவன் கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட இத்தமிழ்க் கல்வெட்டு, பட்டைபொத்தன் என்பவன் பட்டாரி என்ற தேவிக்கு நவகண்டம் கொடுத்துத் தன் தலையை அறுத்துப் பீடத்தின் மேல் வைத்ததைக் கூறுகிறது. அதற்காக அவன் பொருட்டு நிலம் கொடுக்கப்பட்டதையும் அதுவே பதிவு செய்கிறது.

போரிலும் ஆநிரை மீட்பிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்ற பெயர்களில் நிலம் விடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. மல்லம் கொடை அதே முறையைப் பலிக்கும் நீட்டிக்கிறது. களத்தில் விழுந்தவனையும் பீடத்தின் முன் விழுந்தவனையும் ஊர் ஒரே கணக்கில் வைத்தது.

அரசனுக்காக உயிர் கொடுத்தவர்கள்

தெய்வத்தின் இடத்தில் அரசனே நிற்கும் வழக்கமும் இதனோடு ஒட்டியது. பாண்டியரின் தென்னவன் ஆபத்துதவிகளும் சோழரின் வேளைக்காரரும் அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாக உறுதி பூண்ட படையினர். ஹொய்சளரிடம் கருடர் எனப்பட்டோர் இருந்தனர். இரண்டாம் வல்லாளனின் படைத்தலைவன் குவர லட்சுமன், மன்னனைத் தொடர்ந்து தன் மனைவியோடும் வீரர்களோடும் உயிர்விட்ட செய்தியை ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயில் அருகிலுள்ள தூண் சொல்கிறது. அத்தூணில் வீரர்கள் தங்கள் தலையை அரியும் உருவங்களும் உள்ளன.

அரவான் களப்பலி

பாரதக் கதையின் தமிழ் வடிவம் இவ்வழக்கத்தை உள்வாங்கிக்கொண்டது. வடமொழிப் பாரதத்தில் அருச்சுனன் மகன் அரவான் (இராவான்) போர்க்களத்தில் அரக்கன் ஒருவனால் கொல்லப்படுகிறான். 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலோ, போர் தொடங்குமுன் காளிக்குக் களப்பலியாகிறான். பாண்டவர் ஆட்சி பெற ஒரு குற்றமற்ற உடல் முன்கூட்டியே விலையாகத் தரப்படுகிறது. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழா இக்கதையின் மீதே நடைபெறுகிறது.

விருப்பமும் கட்டாயமும்

கற்களும் பாடல்களும் பலியானவனை மனமுவந்தவனாகவே காட்டுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ வேறொரு பக்கத்தைப் பதிவு செய்கிறார். மரண தண்டனை பெற்ற குற்றவாளி, தெய்வத்தின் பெயரால் தானே உயிர்விட விரும்புவதாகச் சொன்னால், அரசன் அதற்கு இசைவு தருவான். உறவினர்கள் அவனைக் கத்திகளோடு ஊர்வலமாக அழைத்துச் செல்வர். அவன் தன் உடலைத் தானே வெட்டிக்கொள்வான். கொலைத் தண்டனை வழிபாடாக மாறும். குடும்பத்துக்கு இழிவுக்குப் பதில் பெருமை சேரும்.

பிற்கால அரசியலில்

20ஆம் நூற்றாண்டுத் தமிழக அரசியலில் உயிர்க்கொடை வேறு உருவில் வந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரி விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று இறந்தார். பெயர் மாற்றம் 1969 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் உயிர்நீத்த கீழப்பழுவூர் சின்னசாமியின் நினைவோடு, அந்நாள் மொழிப்போர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இவற்றை நவகண்டத்தின் தொடர்ச்சி என்று சொல்ல முடியாது. அங்கே பலி ஆட்சியை நிலைநிறுத்தக் கொடுக்கப்பட்டது. இங்கே ஆட்சியிடம் உரிமை கேட்டு உயிர் விடப்பட்டது. இறப்புக்குப் பொருள் சொல்லும் பொறுப்பு உயிரோடு இருப்பவர்களிடமே விடப்படுவது இரண்டுக்கும் பொது. அன்று அதைச் செய்தவர்கள் ஊராரும் அரசரும். இன்று கட்சிகளும் அரசும்.