பிழையின் பரிபாஷை

நம் பக்கங்கள் ரகசியக் குழுவின் சங்கேதத்தில் எழுதப்படுவதாக நண்பர் ஒருவர் குறைப்பட்டுக் கடிதம் எழுதியிருந்தார். வசையாகத்தான் சொன்னார். எனக்கு நன்னூல் நினைவு வந்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும் வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதையும் உரைகாரர்கள் குழூஉக்குறிக்கு உதாரணம் காட்டுவார்கள். நன்னூலார் அதை வழு என்று ஒதுக்கவில்லை. தகுதி வழக்கில் சேர்த்தார். கணினி யுகத்தின் எழுத்துச் சிதைவுகளைப் பார்த்து மொழி கெட்டதென்று பதறுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

அந்தச் சிதைவுகளில் ஒன்று கணினிப் பேச்சுக்கும் முந்தியது. அமெரிக்காவில் 2600 ஹெர்ட்ஸ் சீழ்க்கையொலியால் தொலைதூரத் தொலைபேசி இணைப்பை வசப்படுத்திக் காசில்லாமல் பேசியவர்கள், 'ஃப்ரீக்' என்ற சொல்லில் எஃப்பை எடுத்துவிட்டு 'ஃபோன்' என்ற சொல்லின் பிஎச்சை வைத்துக்கொண்டார்கள். காதுக்கு வித்தியாசமே கிடையாது. கேட்டு அறிய முடியாத மாற்றம். எழுத்தில் பார்த்தவனுக்கு மட்டுமே பிடிபடும். 1971 அக்டோபரில் எஸ்குவயர் பத்திரிகையில் ரான் ரோசன்பாம் எழுதிய கட்டுரை இவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது.

1978ல் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொலைபேசி வழியே எட்டக்கூடிய முதல் கணினித் தகவல் பலகையை அமைத்தார்கள். ஒரே இணைப்பு; ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். 80களில் இத்தகைய பலகைகள் பெருகின. சிலவற்றில் உள்ளறைகள் ஏற்பட்டன. அங்கே நுழையும் அந்தஸ்துப் பெற்றவன் 'எலீட்'. அது 'லீட்' என்று குறைந்து, எல்லுக்கு 1, ஈக்கு 3, டீக்கு 7 என்று 1337 ஆயிற்று. தடைசெய்த சொற்களைத் தேடும் கண்காணிப்பிலிருந்து தப்பவும் இந்த வேஷம் உதவியது. ஆனால் அதைவிட, புதியவனை வாசலில் நிறுத்துவதே இதன் பிரதான வேலை என்று எனக்குப் படுகிறது.

நண்பரின் வசை இங்கேதான் என்னைத் தைக்கிறது. அவர்கள் கதவுக்குப் பின்னால் திருட்டு மென்பொருளாவது இருந்தது. நம் சில கட்டுரைகளில் (என்னுடையவையும் சேர்த்தி) கதவு மட்டுமே இருக்கிறது.

இந்த விளையாட்டு அமெரிக்காவுக்குப் புதிதுமல்ல. 1830களின் இறுதியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடையே வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையைச் சுருக்குவது ஒரு மோஸ்தராக இருந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை ஓவிலும் கேயிலும் தொடங்குவதாகப் பிழைபட எழுதிய கேலி, 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'டில் அச்சேறியது. இதை 1960களில் ஆலன் வாக்கர் ரீட் நிறுவினார். உடன் பிறந்த சுருக்கங்கள் மறைந்தன. இது மட்டும் 1840 தேர்தலில் மாட்டிக்கொண்டது. கிண்டர்ஹூக் ஊர்க்காரரான ஜனாதிபதி வான் பியூரனுக்கு 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்றொரு செல்லப்பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ, கே. ஆதரவாளர்கள் அதைக் கோஷமாக்கினார்கள். வான் பியூரன் தோற்றுப்போனார்.

நண்பர் தம் கடிதத்தை 'ஓ.கே., பிறகு சந்திப்போம்' என்று முடித்திருந்தார்.