ஒலிநாடாப் பகையும் யூடியூப் உறவும்

பெங்களூருவின் லஹரி நிறுவனம் 1974இல் தொடங்கப்பட்டது. ஒலிநாடாக் காலத்தில் இத்தகைய நிறுவனங்களுக்குப் பெரும்பகை திருட்டுப் பிரதியே. டி-சீரீஸ் யூடியூப்பையும் முதலில் அவ்வாறே கண்டு, 2007இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது, 2011இல் சமரசமானது. 2019இல் பத்துக் கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் யூடியூப் அலைவரிசை அதே டி-சீரீஸுடையது.

இதை மனமாற்றம் எனக் கொள்வது பொருந்தாது. பிறர் பதிவேற்றிய காணொளியில் தன் பாடலைக் கண்டறிந்து, அதை முடக்கவோ அதன் விளம்பர வருவாயைப் பெறவோ உரிமையாளருக்கு வழிசெய்தது 'கன்டென்ட் ஐடி' என்னும் தொழில்நுட்பம். பிரதியே வருவாயானதும் பகை தணிந்தது. 2011 நவம்பரில் சோனி மியூசிக் 'கொலவெறி' பாடலைத் தானே யூடியூப்பில் வெளியிட்டது. படம் வந்ததோ 2012 மார்ச்சில்.

ஆயினும் முடக்கும் அதிகாரத்தை எவரும் கைவிடவில்லை. இந்திய ஒற்றுமைப் பயணக் காணொளிகளில் 'கேஜிஎஃப் 2' பாடல் இடம்பெற்றதாகப் பெங்களூருவின் எம்ஆர்டி மியூசிக் தொடுத்த வழக்கில், காங்கிரஸின் ட்விட்டர் கணக்கையே முடக்குமாறு 2022 நவம்பரில் கீழமை நீதிமன்றம் ஆணையிட்டது. அக்காணொளிகளை நீக்கும் நிபந்தனையுடன் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுநாளே அவ்வாணையை விலக்கியது. ஒரு பாடலின் உரிமை, ஒரு தரப்பின் குரலையே அடைக்குமளவுக்கு விரியலாமா என்பதே நம்முன் எஞ்சும் கேள்வி.