நலமான மார்பகச் செல் லைன்கள்

நோயில்லாத பெண்ணின் மார்பகத் திசுவிலிருந்து செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி வைத்திருக்கும் தொடரே நலமான மார்பகச் செல் லைன். கட்டியாகிவிட்ட திசுவில் நூற்றுக்கணக்கான மரபணுக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். முதலில் பிசகியது எது என்பதை அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். கெடாத செல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோளாறாக உண்டாக்கிப் பார்த்தால் அந்த வரிசை தெளியும். இந்த நோக்கத்துக்காகத்தான் இச்செல்கள் வளர்க்கப்படுகின்றன.

புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பது முன்பே கைகூடிவிட்டது. பிடி-20 என்ற மார்பகப் புற்றுச் செல் லைன் 1958-இல் வந்தது. இன்றும் உலகெங்கும் புழங்கும் எம்சிஎஃப்-7 பற்றி டெட்ராய்ட் ஆய்வாளர்கள் 1973-இல் எழுதினார்கள். நலமான செல்களோ சில வாரங்கள் பிரிந்து பெருகும், பிறகு ஓய்ந்துவிடும். அதற்குள் கூடவே வந்த நார்த்திசுச் செல்கள் தட்டு முழுவதும் பரவி அவற்றை மூடிவிடும்.

1970-களில் சிலர் தாய்ப்பாலை நாடினார்கள். பால் நாளங்களிலிருந்து உதிரும் செல்கள் பாலோடு வருவதால் கத்தி வைக்கத் தேவையில்லை. அவ்வாறு பாலிலிருந்து பெற்றதாகச் சொல்லப்பட்ட ஹெச்பிஎல்-100 பல ஆண்டுகள் நலமான செல் என்றே பயன்பட்டது. பிற்காலச் சோதனைகளில் அதற்குள் எஸ்வி40 என்னும் குரங்கு வைரஸின் மரபணுவும், பெண்ணிடம் வழக்கமாக இருக்காத ஒய் குரோமோசோமும் இருப்பது தெரிந்தது. அந்தச் செல்லை அளவுகோலாக நம்பிச் செய்த ஆய்வுகளின் உழைப்பை நினைத்தால் மனம் கனக்கிறது.

உறுதியான அடித்தளம் போட்டவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய மார்த்தா ஸ்டாம்ஃபர். மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட திசுவிலிருந்து செல்களைப் பிரித்து வளர்க்கும் முறையை 1980 வாக்கில் அவர் வகுத்தார். ரத்தச் சீரமே சேர்க்காத வளர்ப்பூடகம் ஒன்று 1984-இல் உருவானது. மறு ஆண்டு, 184 என்று எண்ணிட்ட, 21 வயதுப் பெண்ணின் திசுவிலிருந்து வந்த செல்களுக்கு பென்சோபைரீன் கொடுத்து, ஓயாமல் பெருகும் 184ஏ1, 184பி5 ஆகிய இரண்டு லைன்களைப் பெற்றார்கள். பென்சோபைரீன் புகையிலைப் புகையிலும் கரிப்புகையிலும் உள்ள ரசாயனம். ஓயாமை வந்தும் இவை கட்டியாகவில்லை. சாவில்லாமல் பெருகுவது ஒரு படி, புற்றாவது இன்னொரு படி என்பது இதனால் கண்முன் தெரிந்தது.

1990-இல் வெளியான எம்சிஎஃப்-10ஏ இத்துறையின் பொது அளவுகோலாக மாறியது. 36 வயதுப் பெண்ணின், புற்று இல்லாத ஆனால் நார்க்கட்டி மாற்றங்கள் கொண்ட மார்பகத் திசுவிலிருந்து அது வந்தது. கால்சியம் குறைந்த ஊடகத்தில் நீண்ட காலம் வைத்திருந்தபோது செல்கள் தாமாகவே ஓயாமல் பெருகத் தொடங்கின. தட்டில் ஒட்டி வளர்ந்தவற்றுக்கு 10ஏ என்றும், மிதந்தவற்றுக்கு 10எஃப் என்றும் பெயரிட்டார்கள். குதிரைச் சீரம், இன்சுலின், ஹைட்ரோகார்ட்டிசோன், வளர்ச்சிப் புரதம், துளி காலரா நச்சு ஆகியவை சேர்ந்த ஊடகத்தில் அது வளர்கிறது. பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி16 மரபணு அதில் இல்லை. ஆகவே அதை முழு நலமான செல் என்று கொள்வது சரியல்ல; புற்றின் பாதையில் ஓரடி வைத்துவிட்ட செல் என்பதே பொருத்தம்.

தட்டையான தட்டில் செல்கள் ஓடுபோலப் பரவுகின்றன. உடலில் அப்படி இருப்பதில்லை. மினா பிஸ்ஸெல் குழுவினர் அவற்றை அடித்தளச் சவ்வு போன்ற கூழில் வளர்த்தார்கள். எம்சிஎஃப்-10ஏ செல்கள் அந்தக் கூழில் சிறு உருண்டைகளாகத் திரளும். நடுவில் உள்ளவை மடிய, பால் சுரப்பியின் நுனிபோல உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெற்றிடம் நிரம்பிவிட்டால் கோளாறு தொடங்கிவிட்டது என்று நுண்ணோக்கியிலேயே தெரியும். 1997-இல் இக்குழு புற்றுச் செல்களின் மேற்பரப்பிலுள்ள இன்டக்ரின் புரதத்தைத் தடுத்தபோது, மரபணுக் கோளாறு அப்படியே இருக்க, அவை மீண்டும் ஒழுங்கான உருண்டைகளாயின.

2001-இல் ராபர்ட் வைன்பர்க் ஆய்வகம் நலமான செல்லில் ஓயாமல் பெருக உதவும் டெலோமரேஸ், எஸ்வி40 மரபணுக்கள், புற்றைத் தூண்டும் ராஸ் ஆகியவற்றைப் படிப்படியாகப் புகுத்திக் கட்டியை உண்டாக்கியது. அங்கே இப்படி உருவான லைனைக் கொண்டு செந்துறை மணியும் உடனிருந்தோரும், வடிவம் மாறி நகரத் தொடங்கும் செல்கள் தண்டுச் செல்லின் இயல்பைப் பெறுவதை 2008-இல் காட்டினார்கள். அதே ஆய்வகத்தில் பயின்ற அன்னபூரணி ரங்கராஜன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். அவருடைய குழு மிதக்கும் உருண்டைகளாக வளரும் மார்பகச் செல்களில் எஸ்வி40 மரபணுப் பகுதியையும் டெலோமரேஸையும் சேர்த்து, தண்டுச் செல் இயல்புள்ள புற்றுச் செல்களைப் பெற்றதை 2012-இல் வெளியிட்டது. ஆக, எந்த மரபணு கெட்டது என்பதோடு, எந்தச் செல்லில் கெட்டது என்பதும் முக்கியம்.

யாருடைய செல் என்ற கேள்வி நெடுங்காலம் கேட்கப்படவே இல்லை. பழைய லைன்கள் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையினப் பெண்களுடையவை. குமரி மாவட்டத்தின் புதுக்கடை, கருங்கல் பக்கத்திலிருந்து நெய்யூருக்கோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ சிகிச்சைக்குப் போகும் பெண்ணின் கட்டியையும் அவர்களுடைய செல்லோடுதான் ஒப்பிட வேண்டியிருந்தது. இந்தக் குறையைத் தீர்க்க இண்டியானாவின் கோமன் திசு வங்கி வழிவகுத்தது. எந்த நோயும் இல்லாத பெண்கள் தாமே முன்வந்து, ஊசி குத்திக்கொண்டு அங்கே திசு தருகிறார்கள்; இத்துறை அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. அத்திசுவிலிருந்து ஹரிகிருஷ்ண நக்ஷத்ரி குழு டெலோமரேஸ் மட்டும் சேர்த்து, பல வம்சாவளிப் பெண்களின் லைன்களை உருவாக்கியது. நலமான செல்களே ஆளுக்கு ஆள் வேறுபடுவதை இவை காட்டின.

2023-இல் 126 பெண்களின் 7,14,331 செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த மார்பகச் செல் வரைபடம் வெளியானது. அடுத்த ஆண்டு, நோயற்ற 49 பெண்களின் மார்பக எபிதீலியச் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை கண்டறியப்பட்டன. இடைநிலை அளவு 3.19 சதவீதம். ஒன்றாம் குரோமோசோமின் நீண்ட கை கூடுதலாக இருப்பது போன்ற, புற்றில் வழக்கமாகக் காணும் மாற்றங்களே அவற்றிலும் இருந்தன. அந்தப் பெண்களுக்குப் புற்று இல்லை. அதனால் தட்டில் வளர்த்த ஒரு லைனில் இத்தகைய மாற்றம் தென்பட்டால், அது தட்டில் வந்ததா, பெண்ணின் உடலிலேயே இருந்ததா என்பதை முதல் திசுவோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்.