பண்புசார் ஆய்வு

எண்ணிக்கையை நம்பியிராமல், மனிதர்களின் பேச்சையும் நடத்தையையும் அருகிருந்து கவனித்து, தம் வாழ்க்கையை அவர்களே எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அறிய முயலும் சமூக அறிவியல் முறை பண்புசார் ஆய்வு. உற்றுநோக்கல், நேர்காணல், ஆவணங்களை ஆராய்தல் ஆகியவை இதன் முக்கிய வழிகள்.

களப்பணிக்கு இலக்கணம் வகுத்தவராகப் போலந்தில் பிறந்த மானிடவியலர் மாலினோவ்ஸ்கியைச் சொல்வது வழக்கம். 1915 முதல் 1918 வரை இரு தவணைகளாகப் பசிபிக்கின் திரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரமடித்துத் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்றார். சிப்பி வளையல்களும் கழுத்தணிகளும் எதிரெதிர்த் திசைகளில் தீவு தீவாகச் சுற்றிவரும் ‘கூலா’ பரிமாற்றத்தை 1922இல் நூலாக்கினார். வணிகத்திலும் அன்பளிப்பிலும் அடங்காத அந்த உறவு, சில நாள் விசாரணைக்குப் பிடிபடக்கூடியதல்ல.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இதே அக்கறையை நகரத்தெருக்களுக்குக் கொண்டுவந்தனர். தாமஸும் ஸ்னானியெட்ஸ்கியும் போலந்துக் குடியேறிகளின் குடும்பக் கடிதங்களையே சான்றாகக் கொண்டனர்.

அடுத்த பெரிய திருப்பம் மருத்துவமனையில் நிகழ்ந்தது. 1960களில் கிளேசரும் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில், இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பதைக் கவனித்தனர். தான் பிழைக்கப்போவதில்லை என்று நோயாளிக்குத் தெரியுமா? தெரியாத நிலை, சந்தேகிக்கும் நிலை, இரு தரப்பும் தெரிந்தே மறைத்து நடிக்கும் நிலை, வெளிப்படையாகப் பேசும் நிலை என நான்காக அதைப் பகுத்தனர். படுக்கையருகே ஒருமுறை நின்றவர்கள் மூன்றாவது நிலையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கோட்பாட்டை முன்கூட்டியே வைத்துக்கொண்டு களத்துக்குப் போகாமல், களத்தில் கிடைப்பதிலிருந்தே அதை எழுப்பும் இவ்வழியை 1967இல் தனி நூலாக விளக்கினர்.

இந்தியாவில் எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூர் அருகே ராம்புரா கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. வகைப்படுத்தி எழுதியிருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதிய அவரது நூல் 1976இல் வந்தது. பாத்திரங்கள் உயிரோடு நடமாடும் அந்த நூலின் அழகுக்கு அந்த இழப்பும் ஒரு காரணம் எனலாம்.

ஊர்த்தலைவரின் ஆதரவில் தங்கியதால், தான் பார்த்த ராம்புரா பெரிதும் மேல்சாதியாரின் ராம்புரா என்று சீனிவாஸே எழுதினார். ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்கினார், யார் அறிமுகத்தில் ஊருக்குள் வந்தார் என்பவற்றை அறிக்கையிலேயே பதிவுசெய்வதை இன்றைய களஆய்வாளர்கள் பலர் கடமையாகக் கொள்கின்றனர்.